காரணம்: மற்றவை

1

முதலில் ஒரு குற்றத்தை ஒப்புக்கொண்டுவிடுகிறேன். சுற்றுச்சூழலைப் பற்றி இருபது நிமிடம் பேசுவதற்காக நான் பதினான்கு மணி நேரம் விமானத்தில் பறந்தவன். போகப் பதினான்கு, வரப் பதினான்கு. மேடையில் நன்றாகத்தான் பேசினேன், கைகூடத் தட்டினார்கள். திரும்பி வரும்போது என் வரிசையில் மூன்று இருக்கையும் எனக்கே கிடைத்தது. முன்வரிசை காலி, பின்வரிசையும் காலி. காலை நீட்டிப் படுத்துக்கொண்டு, போர்வை கொண்டுவந்த பணிப்பெண்ணிடம், "இன்னைக்கு மொத்தம் எத்தன பேரும்மா?" என்று கேட்டேன்.

"நூத்திப் பதினொண்ணு சார். சீட்டு இருநூத்தி எண்பத்தெட்டு. உங்களுக்கு நல்லதுதானே, நிம்மதியாத் தூங்குங்க."

நிம்மதியாகத்தான் தூங்கினேன். அதுதான் இன்னும் உறுத்துகிறது.

ஊர் வந்த பிறகு ஒரு பத்திரிகை ஆசிரியர், நீண்டதூர விமானப் பயணத்தைக் கொஞ்சம் குறைந்த புகையோடு நடத்தப் புதிய வணிக முறைகள் என்னென்ன வரலாம் என்று கட்டுரை கேட்டார். பரிகாரம் போல இருக்கட்டும் என்று உட்கார்ந்தேன். நான்கு பக்கம் ஓடியது. ஐந்தாவது பக்கத்தில் ஒரு பெண் வந்து உட்கார்ந்துகொண்டாள். அவளுக்கு ஒரு அத்தை வேறு. கட்டுரை அங்கேயே படுத்துவிட்டது.

2

தொடக்கங்கள் மூன்று எழுதினேன்.

முதலாவது: "வானம் துடைத்துவிட்டது போல் தெளிவாக இருந்தது. விமான நிலையத்தின் கண்ணாடிச் சுவருக்கு அப்பால்" — போதும். வானத்தில் தொடங்கும் விமானக் கதைகளை நானே படிக்க மாட்டேன்.

இரண்டாவது: "பதினாறு மணி நேரம் நிற்காமல் பறக்கும் விமானம், தன் எண்ணெயைச் சுமப்பதற்கே எண்ணெயை எரிக்கிறது. நடுவில் ஓரிடத்தில் இறங்கி நிரப்பிக்கொண்டால்" — இது கட்டுரையின் மிச்சம். (உண்மைதான், ஆனால் இதைச் சொல்லிக்கொண்டு யாரும் கதைக்குள் நுழைய மாட்டார்கள்.)

மூன்றாவது: "செவ்வாய்க்கிழமை காலை பதினொன்று இருபதுக்கு, அவள் செய்யக்கூடாத ஒன்றைச் செய்தாள். பட்டியலில் அத்தையின் பெயரைத் தேடினாள்."

இது நிற்கும் என்று தோன்றுகிறது. ஆனால் எந்தப் பட்டியல், ஏன் செய்யக்கூடாது என்று சொல்லாமல் நகர முடியாது. கொஞ்சம் பொறுமையாகக் கேளுங்கள். அரைப் பக்கம்தான்.

3

அவள் ஒரு விமான நிறுவனத்தில் அட்டவணை போடுகிறவள். வயது முப்பத்தெட்டு. அலுவலகத்தில் அவளுக்குப் 'பன்னெண்டு மணி' என்று பெயர். தினமும் நண்பகல் பன்னிரண்டுக்குப் பட்டியலை மூடுவது அவள் வேலை, ஒரு நிமிடம் முன்னே பின்னே இருக்காது. அவள் தலை வாசலில் தெரிந்தால் சிலர் சாப்பாட்டு டப்பாவைத் திறக்க ஆரம்பிப்பார்கள்.

அந்த நிறுவனத்தின் நீண்டதூர விமானங்கள் நாள் பார்த்துப் பறப்பதில்லை. நிறைந்தால் பறக்கும்.* நீங்கள் வாங்குவது ஒரு தேதிக்கான சீட்டு அல்ல, ஆறு நாளுக்கான சீட்டு. அந்த ஆறு நாளில் என்றோ ஒருநாள் உங்களுக்கு இடம் வரும். வந்தால் முந்தின நாள் நண்பகலில் சொல்லிவிடுவார்கள், மறுநாள் மாலை ஏற வேண்டும். நடுவில் ஓரிடத்தில் இறங்கி எண்ணெய் போட்டுக்கொண்டு, கொஞ்சம் மெதுவாகவே பறக்கும். அன்றாடம் பாதி காலியாகப் போய்க்கொண்டிருந்த தடத்தில் இப்போது வாரத்துக்கு இரண்டு விமானம், மூன்று விமானம். ஒரு இருக்கைகூடக் காலி இல்லை. எரியும் எண்ணெய் ஏறக்குறையப் பாதி.

சரி, யார் முதலில் போவது? அங்கேதான் அவள் மூளை வேலை செய்தது. சீட்டு வாங்கும்போதே ஒரு கேள்வி வரும்: உங்களுக்கு எவ்வளவு அவசரம்? ஒன்று முதல் ஐந்து வரை ஓர் எண்ணைப் போட வேண்டும். ஒன்று என்றால் எப்போது வேண்டுமானாலும் சரி. இரண்டும் மூன்றும் அவரவர் மனசாட்சிக்கு. நான்குக்குச் சான்று காட்ட வேண்டும், பயணியின் உடம்பைப் பற்றி மருத்துவரின் கடிதமோ வேலைக்கான உத்தரவோ. ஐந்துக்கு எந்தச் சான்றும் வேண்டாம், ஏன் எதற்கு என்று கேட்க மாட்டார்கள். ஆனால் ஒருவருக்கு இரண்டு ஆண்டுக்கு ஒரே ஒரு ஐந்துதான். எண் சமமானால் முதலில் பதிந்தவருக்கு இடம்.

பயணியின் எண்ணைப் பயணி மட்டுமே மாற்றலாம். ஊழியர்கள் சொந்தக்காரர்களின் பதிவைத் திறந்து பார்க்கக் கூடாது. பட்டியலில் யார் எங்கே நிற்கிறார்கள் என்று யாரிடமும் சொல்லவும் கூடாது. இந்த மூன்று விதியையும் எழுதியவள் அவளேதான்.

*இப்படி ஒரு நிறுவனம் கிடையாது. நான் தேடிப் பார்த்துவிட்டேன். யாராவது ஆரம்பித்தால் எனக்கு முதல் சீட்டு இலவசமாகத் தர வேண்டாம், நான் ஒன்று போட்டுவிட்டு வீட்டிலேயே இருந்துகொள்கிறேன்.

4

இப்போது அத்தை. இவளை எழுதத்தான் நான் திண்டாடினேன்.

அவளுடைய அப்பாவின் அக்கா. வயது எழுபத்தொன்று. கல்யாணம் செய்துகொள்ளவில்லை. மருமகளும் அத்தையும் ஐந்தாவது மாடியில் இரண்டு அறை வீட்டில் பதினேழு வருடமாகச் சேர்ந்து இருக்கிறார்கள். முதல் வரைவில் அத்தையைப் பாவப்பட்டவளாக எழுதினேன். தனக்கென்று எதுவும் கேட்காதவள், கடைசியில் சாப்பிடுகிறவள், கிழிந்த துண்டைத் தான் வைத்துக்கொண்டு புதியதை விருந்தாளிக்கு எடுத்துவைக்கிறவள். எழுதி முடித்துப் படித்தபோது எனக்கே அலுத்துவிட்டது. இப்படிப்பட்டவர்களை எழுதி எழுதி நாம் அவர்களை இன்னும் கடைசி வரிசைக்கே தள்ளிவிட்டோம்.

அதனால் திருத்தினேன். அத்தை சீட்டாட்டத்தில் ஏமாற்றுவாள். மாடிப்படி விளக்கு எரியவில்லை என்று குடியிருப்புச் சங்கத்துக்கு மாதம் இரண்டு புகார்க் கடிதம் எழுதுவாள். நாக்கு நீளம். ஆனாலும் தனக்கென்று எதுவும் கேட்க மாட்டாள். (அதை மட்டும் மாற்ற முடியவில்லை. மூன்று முறை முயன்றேன். அத்தை ஒத்துழைக்கவில்லை.)

அவள் பார்த்த வேலை, வெளிநாட்டு அழைப்புகளை இணைக்கும் தொலைபேசி நிலையத்தில். முப்பது வருடம். அங்கே யாருக்கும் பெயர் கிடையாது, எண்தான். அத்தை நாற்பத்திரண்டு. பூமியின் மறுபக்கத்து நிலையத்தில் அழைப்பை வாங்கிக்கொள்பவள் ஏழு. நாற்பத்திரண்டும் ஏழும் ஒருவர் குரலை ஒருவர் தினமும் கேட்டார்கள். இணைப்பு வரும்வரை இருக்கும் அரை நிமிடத்தில் பேசிக்கொண்டார்கள். பல்வலி, ஏழின் வீட்டுக்காரருடைய குடி, மாடியில் ஒழுகும் தண்ணீர். அரை அரை நிமிடமாகச் சேர்த்த சிநேகம். ஓய்வு பெற்ற பிறகும் ஞாயிறுதோறும் பேசுகிறார்கள். நேரில் பார்த்ததே இல்லை.

(எந்த மொழியில் பேசினார்கள் என்று கேட்பீர்கள். இந்தக் கதையில் எல்லோரும் தமிழ்தான் பேசுவார்கள். அது என் வசதி.)

(வீடியோவில் பார்த்துக்கொள்ளலாமே என்றும் கேட்பீர்கள். ஒருமுறை பார்த்தார்கள். இரண்டு பேருக்கும் கூச்சம் தாங்கவில்லை. கைப்பேசியைக் கூரையைப் பார்க்கத் திருப்பிவைத்துவிட்டு, ஒருவர் வீட்டு மின்விசிறியை ஒருவர் பார்த்தபடி ஒரு மணி நேரம் பேசினார்கள்.)

ஏழுக்குத் தொண்டையில் கட்டி. குரல்வளையை எடுத்துவிட வேண்டும் என்று சொல்லிவிட்டார்கள். வெள்ளிக்கிழமை காலை அறுவை சிகிச்சை. உயிருக்கு ஒன்றும் இல்லை, ஆனால் வெள்ளிக்கிழமைக்குப் பிறகு அந்தக் குரல் இருக்காது.

"அதுக்குள்ள ஒரு தடவ வந்துட்டுப் போயேன். நீ பேசும்போது உன் மூஞ்சி எப்படி இருக்கும்னு பாக்கணும்" என்று ஏழு சொன்னாள். அத்தை சீட்டு வாங்கினாள். ஞாயிறு முதல் வெள்ளி வரை, ஆறு நாள்.

5

ஞாயிற்றுக்கிழமை மருமகள் கேட்டாள். "அத்தை, எத்தன போட்டீங்க?"

"போட்டிருக்கேன் போட்டிருக்கேன். நீ சட்டினிய மூடி வை."

அவள் அதற்கு மேல் கேட்கவில்லை. ஐந்து போட்டிருப்பாள் என்று நினைத்துக்கொண்டாள். திங்கட்கிழமை விமானத்தில் அத்தைக்கு இடம் வரவில்லை என்றதும் ஐந்துக்காரர்கள் அதிகமோ என்று நினைத்தாள். அடுத்த விமானம் புதன் மாலை. அதில் ஏறினால் வியாழன் மதியம் இறங்கி, ஒரு மாலை முழுக்கப் பேசலாம். அதை விட்டால் அதற்கடுத்தது வெள்ளிக்கிழமைதான். புதன் விமானத்தின் பட்டியல் மூடுவது செவ்வாய் நண்பகல்.

செவ்வாய்க்கிழமை காலை பதினொன்று இருபதுக்கு, அவள் செய்யக்கூடாத ஒன்றைச் செய்தாள். பட்டியலில் அத்தையின் பெயரைத் தேடினாள்.

இருநூற்று எண்பத்தெட்டாவது பெயருக்குக் கீழே சிவப்புக் கோடு. கோட்டுக்கு மேலே இருப்பவர்கள் புதன்கிழமை பறப்பார்கள். அத்தையின் பெயர் கோட்டுக்கு வெகு கீழே, பட்டியலின் அடிவாரத்தில் கிடந்தது. அவசரம்: 1. காரணம்: மற்றவை.

அவள் நாற்காலியைப் பின்னால் தள்ளிக்கொண்டாள். அந்தக் காரணப் பட்டியல் எப்படி எழுதப்பட்டது என்பது அவளுக்கு நினைவு வந்தது. மேலாளர் கூட்டம் போட்டிருந்தார், சாப்பாடு வந்துகொண்டிருந்தது, "காரணம் கேட்டு ஒரு கட்டம் போட்டுடும்மா, பின்னாடி கணக்கெடுக்க உதவும்" என்றார். அவள் பத்து நிமிடத்தில் தட்டினாள். மருத்துவம், இறப்பு, திருமணம், படிப்பு, வேலை, குடும்பம். ஏதாவது விட்டுப்போயிருக்கும் என்று கடைசியில் மற்றவை என்று சேர்த்தாள். பிறகு எல்லோரும் சாப்பிடப் போனார்கள். சிநேகிதியைப் பார்க்க என்று ஒரு காரணம் உண்டு என்பது அங்கிருந்த பதினொரு பேரில் ஒருவருக்கும் தோன்றவில்லை.

(நான் இங்கே மேலாளரை வில்லனாக்கிப் பார்த்தேன். சரிவரவில்லை. அவரும் போன மாதம் தன் மச்சானுக்கு இடம் கேட்காமல் இருந்து, வீட்டில் மூன்று நாள் பேச்சு வாங்கியவர்.)

6

கைப்பேசியில் அழைத்தாள்.

"அத்தை, ஒண்ணு போட்டு வச்சிருக்கீங்க."

"நீ ஏன் பாத்த? பாக்கக் கூடாதுன்னு நீதானே சொன்ன."

"பாத்துட்டேன். ஏன் ஒண்ணு போட்டீங்க?"

"பின்ன என்ன போடச் சொல்ற? ஒருத்தன் அப்பன் சாவுக்குப் போவான், ஒருத்தி பரீட்சைக்குப் போவா. நான் மூஞ்சியே பாக்காத ஒரு கிழவியோட உக்காந்து வம்பளக்கப் போறேன். அதுக்கு ஒண்ணே ஜாஸ்தி."

"அஞ்சு போடுங்க அத்தை. உங்ககிட்ட ஒரு அஞ்சு இருக்கு. யாரும் ஏன்னு கேக்க மாட்டாங்க. இன்னும் முப்பத்தஞ்சு நிமிஷம் இருக்கு."

"அத எடுக்க மாட்டேன்."

"எதுக்குன்னு சேத்து வைக்கிறீங்க? எழுபத்தொரு வயசாகுது."

அந்தப் பக்கம் துணி துவைக்கும் இயந்திரம் கடகடவென்று சுற்றும் சத்தம் கேட்டது.

"உனக்குத் தை மாசம்"

(அடித்துவிட்டேன். இந்தக் கதைக்கு ஊர் இல்லை, மாதமும் வேண்டாம்.)

"அடுத்த வருஷம் உனக்குக் கடல் தாண்டி மாத்தல்னு சொன்னல்ல" என்றாள் அத்தை. "நீ போயிருவ. போகணும், நல்ல வேலை. ஒரு நாள் ஃபோன் வரும், உனக்கு உடம்பு முடியலன்னு. அன்னைக்கு என் கையில அஞ்சு இருக்கணும் குட்டி. இல்லன்னா நான் இங்க உக்காந்து ஆறு நாள் கூரையப் பாத்துக்கிட்டு இருக்கணுமா?"

மருமகள் நாற்காலியை மேசையோடு இழுத்துக்கொண்டாள். அவளே போட்ட விதி, அவளே எழுதிய எண், அதை அத்தை அவளுக்காகவே மடித்துப் பீரோவில் வைத்திருக்கிறாள். இரண்டு வருடத்துக்கு ஒன்று என்று எழுதியபோது, யாரோ ஒருவர் தன்னை நினைத்து அதைச் செலவழிக்காமல் வைத்திருப்பார் என்று அவள் கற்பனைகூடச் செய்ததில்லை.

"எனக்கு ஒண்ணும் ஆகாது அத்தை."

"அத நீ சொல்லக் கூடாது."

(இந்த இடத்தில் அத்தை பாடம் நடத்த ஆரம்பித்தாள். அவசரம் என்று கத்துகிறவர்கள் யார், வாய் திறக்காமல் வரிசையில் நிற்பவர்கள் யார் என்று, தொலைபேசி நிலையத்து அனுபவத்திலிருந்து. அழகாகத்தான் இருந்தது. முக்கால் பக்கத்தை வெட்டிவிட்டேன். அத்தைகள் பாடம் நடத்தும் கதைகள் போதுமான அளவு இருக்கின்றன.)

வெட்டியதில் ஒரே ஒரு வரியை மட்டும் மறுபடி ஒட்டுகிறேன். "ஒருத்தங்க அவசரத்த நம்பர வச்சா பாப்பாங்க? நானும் ஏழும் லைன்ல கேட்டுருவோம், யார்கிட்ட பேசணும்னு."

மருமகள் அதைப் பிடித்துக்கொண்டாள். "சரி, நான் கேக்கறேன். நீங்க யார்கிட்ட பேசணும்?"

மறுபடி இயந்திரத்தின் சத்தம். அத்தை போய் அதை நிறுத்திவிட்டு வந்தாள்.

"ஏழுகிட்ட" என்றாள் கடைசியில். "அவ ஹலோ சொல்றத ஒரு தடவ பக்கத்துல நின்னு கேக்கணும். அவ்ளோதான்."

7

இதற்கு மேல் என்ன நடக்கும்?

முதல் முடிவு. மணி பதினொன்று ஐம்பது. அவள் தன் கடவுச்சொல்லைப் போட்டு உள்ளே போய், அத்தையின் ஒன்றை நான்காக மாற்றிவிடுகிறாள். சான்று என்ற கட்டத்தில் எதையோ தட்டிவைக்கிறாள். அத்தை பறக்கிறாள், ஏழு ஹலோ சொல்கிறாள், இரண்டு கிழவிகளும் வாசலிலேயே நின்று சிரிக்கிறார்கள். இதை எழுதி முடித்த அன்று எனக்கு மனசு நிறைந்துவிட்டது. மறுநாள் காலை பல் துலக்கும்போதுதான் உறைத்தது: விமானம் நிறைந்துவிட்டது. அத்தை மேலே ஏறினால் கடைசியில் இருக்கும் ஒருவர் கீழே விழுவார். அவர் யார் என்று நான் யோசிக்கவே இல்லை. அந்தச் சாப்பாட்டு நேரத்துக் கூட்டத்தில் நானும் உட்கார்ந்திருந்தது போல ஆகிவிட்டது.

இரண்டாவது முடிவு. அத்தை வெள்ளிக்கிழமை விமானத்தில் போகிறாள். ஏழு கழுத்தில் கட்டோடு படுத்திருக்கிறாள், ஒரு சிலேட்டில் 'ஹலோ' என்று எழுதிக் காட்டுகிறாள். வாசகர்கள் அழுவார்கள். நானும் அழுதேன், அதனால்தான் சந்தேகம் வந்தது. அந்தக் கண்ணீர் எனக்கு மட்டுமே பயன்படும், அத்தைக்கு ஒன்றும் மிஞ்சாது.

மூன்றாவது முடிவில் அத்தை ஐந்தை எடுத்துவிடுகிறாள். நம்ப மாட்டீர்கள். நானே நம்பவில்லை.

8

உண்மையில் நடந்தது இதுதான். (நடந்தது என்று சொல்ல எனக்கு உரிமை உண்டா என்று தெரியவில்லை. இருந்தாலும் இது ஒன்றுதான் என்னை விடாமல் இருக்கிறது.)

"அஞ்சு வேண்டாம்" என்றாள் மருமகள். "அது எனக்காகவே இருக்கட்டும். வேற ஏதாவது போடுங்க. உங்களுக்கு எவ்ளோ வேணுமோ அவ்ளோ."

எவ்வளவு போட்டால் கோட்டுக்கு மேலே போகலாம் என்று அவளுக்குத் தெரியும். பட்டியல் எதிரேதான் இருந்தது. சொல்லவில்லை. உதட்டைக் கடித்துக்கொண்டு திரையைப் பார்த்தாள். பார்க்கக் கூடாததைப் பார்த்தாகிவிட்டது, சொல்லக் கூடாததையும் சொன்னால் நாளை இந்த நாற்காலியில் உட்கார முடியாது என்று அவளுக்குப் பட்டது.

திரையில் அத்தையின் ஒன்று இரண்டானது. கொஞ்ச நேரம் இரண்டாகவே நின்றது. பிறகு மூன்றானது.

சான்று இல்லாமல், ஐந்தைத் தொடாமல் போடக்கூடிய மிகப் பெரிய எண் அது. அத்தை தன் வாழ்நாளில் தனக்காகக் கேட்டதிலும் அதுதான் மிகப் பெரியது. பெயர் மளமளவென்று மேலே ஏறிச் சிவப்புக் கோட்டுக்கு நேர் கீழே வந்து நின்றது. இருநூற்று எண்பத்தொன்பது.

"போட்டுட்டேன்" என்றாள் அத்தை. "மூணு. அதிகமாப் போச்சோ?"

"இல்ல அத்தை" என்றாள் அவள். "சரியா இருக்கு." கைப்பேசியை வைத்துவிட்டாள்.

கோட்டுக்கு நேர் மேலே, இருநூற்று எண்பத்தெட்டில் இருப்பவரும் மூன்றுதான். அத்தைக்கு இரண்டு நாள் முன்னால் பதிந்தவர். எண் சமம் என்றால் முதலில் பதிந்தவருக்கு இடம்.

9

மணி பதினொன்று ஐம்பத்தைந்து. பட்டியல் மூட ஐந்து நிமிடம் இருக்கும்போது பயணிகள் எல்லோருக்கும் ஒரு குறுஞ்செய்தி போகும். அந்த வரியையும் அவள்தான் எழுதினாள்: "உங்கள் அவசரம் இன்னும் அதே அளவுதானா? மாறியிருந்தால் இப்போது மாற்றலாம்." ஏறக்குறைய யாரும் அதைத் திறந்து பார்ப்பதில்லை.

இருநூற்று எண்பத்தெட்டில் யாரை உட்காரவைப்பது என்று நான் பல நாள் யோசித்தேன். ஒரு பணக்காரனை வைத்தால் சுலபம், எழுந்து போ என்று சொல்லிவிடலாம். ஒரு விடுமுறைக்காரனை வைத்தாலும் சுலபம். சுலபமாக இருப்பதால் இரண்டையும் அடித்துவிட்டேன்.

அங்கே உங்களை வைத்திருக்கிறேன்.

மன்னிக்க வேண்டும், கேட்காமல் செய்தது. நீங்கள் மூன்று போட்டிருந்தீர்கள். காரணம்: மற்றவை. யாரைப் பார்க்கப் போகிறீர்கள் என்று படிவம் கேட்கவில்லை. அங்கே உங்களுக்காக யாரோ கதவைத் திறந்துவைத்துக்கொண்டு உட்கார்ந்திருக்கலாம். உங்களுக்கும் ஒரு வெள்ளிக்கிழமை இருக்கலாம். எனக்குத் தெரியாது.

உங்களுக்குக் கீழே நிற்பது யார் என்று அவளால் சொல்ல முடியாது. விதி இருக்கிறது. எனக்கு விதி ஏதும் இல்லை, அதனால் இத்தனை பக்கம் எழுதிச் சொல்லியிருக்கிறேன். நீங்கள் மூன்றை இரண்டாக்கினால் உங்கள் இடம் வெள்ளிக்கிழமை விமானத்துக்குப் போகும், அவ்வளவுதான். முடியாது என்றால் மூன்றையே வைத்துக்கொள்ளுங்கள். அத்தை உங்களைத் தப்பாக நினைக்க மாட்டாள். அவள் ஈரத் துணியை உதறிக் கொடியில் போட்டுக்கொண்டிருக்கிறாள். பெட்டியை வாசலுக்கு அருகில் நகர்த்தி வைத்துவிட்டாள். கைப்பேசி இடுப்பில் செருகியிருக்கிறது.

ஐந்தாவது மாடியிலிருந்து வெகு தூரத்தில், அலுவலகத்தில், அவள் சுவர்க் கடிகாரத்தைப் பார்க்காமல் சிவப்புக் கோட்டையே பார்த்துக்கொண்டிருக்கிறாள். சாப்பாட்டு டப்பாக்கள் திறக்கும் சத்தம் கேட்க ஆரம்பித்துவிட்டது. பதினொன்று ஐம்பத்தெட்டு.

நான் இத்தோடு நிறுத்திக்கொள்கிறேன். குறுஞ்செய்தி உங்கள் கையில் இருக்கிறது.

சொல்லுங்கள், உங்களுக்கு எவ்வளவு அவசரம்?